நீல விண்மீனின் கதை

மாரி மழை ஓய்ந்து வானம் தெளிந்த தை மாதத்து முன்னிரவிலே, கல்லடிப் பாலத்தின் மேல் நின்று கிழக்கு நோக்குவோமாயின், கடலுக்கு மேலே உயர்ந்து நிற்கும் ஒரு விண்மீன் கூட்டம் கண்ணைக் கவரும். நடுவிலே மூன்று விண்மீன்கள் கோல் பிடித்தாற்போல் வரிசையாக நிற்கும். அவற்றின் இடப்புறம், அதாவது வடக்கே, செந்நிறமான விண்மீன் ஒன்று. வலப்புறம், தெற்கே, வெண்மையோடு நீலம் கலந்த விண்மீன் ஒன்று. மேனாட்டார் இக்கூட்டத்தை ஒரியன் என்னும் வேடனாகக் கற்பித்தனர். செந்நிற விண்மீன் நாம் நன்கறிந்த திருவாதிரை. நீல விண்மீனின் பெயர் ரைஜல்.

இவ்விரண்டையும் காட்டி, "எது சூடு மிகுந்தது?" என்று பாடசாலைப் பிள்ளைகளைக் கேட்டால், பெரும்பாலோர் தயங்காது சிவப்பையே சுட்டுவர். நெருப்பு சிவப்பு, நீர் நீலம் என்பது நமக்குப் பழகிய எண்ணம். உண்மையோ மறுதலை. திருவாதிரையின் மேற்பரப்பு வெப்பநிலை கெல்வின் அளவையில் ஏறத்தாழ 3,500 பாகை. நமது ஞாயிற்றுக்கு ஏறத்தாழ 5,800 பாகை. ரைஜலுக்கோ ஏறத்தாழ 12,000 பாகை. கண் முன்னே நாள்தோறும் உதிக்கும் ஒன்றின் இயல்பை அறிய மனித குலத்துக்கு எத்தனை நூற்றாண்டுகள் சென்றன என்பதும், அவ்வறிவைத் தேடித் தந்தோர் யாவர் என்பதும் கேட்கத் தக்க ஒரு வரலாறு.

நம் முன்னோர் வானத்தைக் கூர்ந்து நோக்கியவர். ஆதிரை சிவபெருமானுக்குரிய நாளாயிற்று. மார்கழித் திருவாதிரை இன்றும் நம் கோயில்களில் விழாவாக நடைபெறுகின்றது. ஆயினும் அதே கூட்டத்தில், பெரும்பாலும் திருவாதிரையினும் ஒளி மிகுந்து தோன்றும் ரைஜலுக்கு இருபத்தேழு நட்சத்திரங்களுள் இடமில்லை. இதற்குக் காரணம் அறியாமையன்று. இருபத்தேழும் சந்திரன் செல்லும் வழியை அளக்க நாட்டிய மைல்கற்கள் போன்றவை. ரைஜல் அவ்வழியினின்றும் தெற்கே வெகு தூரம் விலகி நிற்பது. ஆகவே நாட்கணக்குக்கு அது வேண்டப்படவில்லை. எத்துணை ஒளியுடையதாயினும், கணக்குக்கு உதவாதது கருத்தினின்றும் நழுவிவிடுகின்றது.

அதற்குப் பெயர் தந்தோர் அராபியர். 'ரிஜ்ல்' என்னும் அரபுச் சொல்லுக்குக் கால் என்பது பொருள். வானத்து வீரனின் கால் என்று அதனை வழங்கினர். பத்தாம் நூற்றாண்டில் பாரசீகத்து அறிஞராகிய அல் சூஃபி இயற்றிய நிலைவிண்மீன் நூல், விண்மீன்களின் ஒளியையும் நிறத்தையும் கவனமாகக் குறித்து வைத்தது. பின்னர் 1603 ஆம் ஆண்டில் சேர்மனி நாட்டு பாயர் என்பார் விண்மீன்களுக்குக் கிரேக்க எழுத்துகளைச் சூட்டியபோது, முதலெழுத்தைத் திருவாதிரைக்கும் இரண்டாம் எழுத்தை ரைஜலுக்கும் கொடுத்தார். ஒளியில் முதலாவது நிற்பது பெயரில் இரண்டாவது ஆயிற்று.

பெயர் வைத்தல் வேறு. பொருள் அறிதல் வேறு. 1835 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுத் தத்துவ அறிஞர் ஒகுஸ்த் கொம்த், விண்மீன்கள் எப்பொருளால் ஆனவை என்பதை மனிதர் ஒருகாலும் அறிய இயலாது என்று எழுதினார். அவர் கூற்று அக்காலத்தில் நியாயமாகவே தோன்றியிருக்கும். எட்டாத் தொலைவிலுள்ள ஒன்றிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து வந்து ஆராய்வது எப்படி?

ஆனால் கால் நூற்றாண்டுக்குள் வழி பிறந்தது. 1859 ஆம் ஆண்டில் சேர்மனியின் கைடல்பேர்க் நகரில் கிர்க்கோப், புன்சன் என்னும் இருவர், ஒளியை முப்பட்டைக் கண்ணாடி வழியே செலுத்தி விரித்தால் தோன்றும் நிறமாலையில் ஒவ்வொரு மூலகமும் தனக்கே உரிய வரிகளைப் பதிக்கின்றது எனக் காட்டினர். விண்மீன் நம்மிடம் வரவேண்டியதில்லை. அதன் ஒளியே அதன் கடிதம். அதிலே வரிகள் எழுத்துகள். ஆனால் எழுத்தைக் கண்டவுடன் வாசிப்பு வந்துவிடுமா?

நிறத்தின் பொருளை நம் ஊர்க் கொல்லன் உலைக்களத்திலேயே காணலாம். இரும்பைக் காய்ச்சும்போது முதலில் மங்கிய சிவப்பு; பின் செம்மஞ்சள்; மேலும் காய்ச்சினால் வெண்மை. அதற்கும் அப்பால் எந்த உலையாலும் எட்ட முடியாத சூட்டில் நீலம் தோன்றும். ஆகவே நீல விண்மீன் சூடு மிக்கது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஊகிக்கப்பட்டது. ஆனால் ஒன்று தெளிவாகவில்லை. நீல நிற விண்மீன்கள் யாவும் ஒரே தன்மையனவா? அருகில் நிற்கும் சிறு விளக்கும் தொலைவில் எரியும் பெருந்தீயும் இருளிலே ஒன்றுபோலத் தோன்றுமல்லவா? வாவியின் நடுவே தெரியும் வெளிச்சம் தோணியின் விளக்கா, அக்கரையில் உள்ள பெருவிளக்கா என்று மயங்காதவர் நம்மில் யார்?

இம்மயக்கத்தைத் தீர்க்கும் முதற் குறிப்பைக் கண்டவர் ஒரு பெண்மணி. அமெரிக்காவின் ஆர்வர்டு வானாய்வு நிலையத்தில், விண்மீன் நிறமாலைகளின் ஒளிப்படங்களை ஆராயப் பெண்கள் பலர் குறைந்த ஊதியத்துக்கு அமர்த்தப்பட்டிருந்தனர். அவர்களுள் ஒருவரான அன்ரோனியா மோரி, சில விண்மீன்களின் வரிகள் ஏனையவற்றினும் மெல்லியனவாகவும் கூர்மையாகவும் இருப்பதைக் கண்டார். அவற்றைத் தனிப் பிரிவாக்கி 1897 ஆம் ஆண்டில் தம் பட்டியலை வெளியிட்டார். நிலையத்தின் தலைவரோ அவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தவில்லை. பின்வந்த பெரும் பட்டியலில் அப்பிரிவு இடம்பெறவுமில்லை.

டென்மார்க்கு நாட்டில் இருந்த எர்ட்சுபுருங் என்பாரே அதன் பெறுமதியை உணர்ந்தவர். மெல்லிய வரிகளையுடைய விண்மீன்கள் வானத்தில் இடம் பெயர்வது மிகச் சிறிதளவே என்பதை அவர் கண்டார். பெயர்ச்சி சிறிது எனின் தொலைவு பெரிது. தொலைவு பெரிதாயிருந்தும் நமக்கு ஒளி மிகுந்து தோன்றுவதெனின், அவை இயல்பிலேயே பேரொளி படைத்தவையாக இருத்தல் வேண்டும். 1905 ஆம் ஆண்டில் அவர் இம்முடிவை வெளியிட்டார். மோரியின் வேறுபாட்டைப் புறக்கணிப்பது திமிங்கிலத்தையும் மீனையும் ஒரே இனமாக வகுப்பது போலாகும் என்ற கருத்தில் ஆர்வர்டு நிலையத் தலைவருக்கு எழுதவும் செய்தார். கடலோடு பழகிய நம்மவர்க்கு இவ்வுவமையை விளக்க வேண்டுவதில்லை.

மெல்லிய வரி ஏன் பெருமையின் அறிகுறியாகிறது? சந்தையின் நெரிசலில் ஒருவர் குரல் பிறர் குரலோடு மோதிக் கலைந்து கேட்கும். வெட்டவெளியில் தனித்து நிற்பவர் குரல் தெளிவாகக் கேட்கும். அடர்ந்த வளிமண்டலத்தில் அமுக்கம் மிகுதியாதலால் அணுக்கள் ஒன்றையொன்று நெருக்குகின்றன; வரிகள் அகன்று மங்குகின்றன. உடல் பெருத்து விரிந்த விண்மீனின் மேற்பரப்போ மிக ஐதானது; அங்கு வரிகள் கூர்மையாக விழுகின்றன. ரைஜலின் வரிகள் அத்தகையனவே. இவ்வாறு சூடும் பருமனும் பேரொளியும் ஒருங்கே படைத்த விண்மீனை நீலப் பெருவிண்மீன் என்போம்.

ஆயினும் வெப்பநிலையை இத்தனை பாகை எனக் கணக்கிட்டுச் சொல்ல ஒரு திறவுகோல் வேண்டியிருந்தது. அதைத் தந்தவர் இந்தியர். இன்று வங்காளதேசமாக உள்ள நாட்டிலே, டாக்கா நகருக்கு அண்மையில் ஒரு சிற்றூரில், சிறு மளிகைக் கடைக்காரரின் மகனாக 1893 ஆம் ஆண்டில் பிறந்த மேகநாத சாகா, கல்கத்தாவில் இருந்தவாறே 1920 ஆம் ஆண்டில் அயனாக்கம் பற்றிய தம் சமன்பாட்டை வெளியிட்டார். சூடு மிகும்போது அணுக்கள் தம் இலத்திரன்களை இழக்கின்றன. இழந்ததும் அவை பதிக்கும் வரிகள் மாறிவிடுகின்றன. எனவே இரு விண்மீன்களின் வரிகள் வேறுபடுவதால் அவற்றின் பொருளும் வேறு என முடிவு செய்தல் தவறு. ஒரே பொருள் வெவ்வேறு சூட்டில் வெவ்வேறு வரிகளை எழுதுகின்றது. எந்த வரி எத்துணை வலிமையாக உள்ளது என்று பார்த்தால் வெப்பநிலையைக் கணக்கிடலாம்.

சாகாவின் திறவுகோலைக் கையிலெடுத்து, 1925 ஆம் ஆண்டில் சிசீலியா பெய்ன் என்னும் இளம் பெண் ஆய்வாளர், விண்மீன்கள் பெரும்பாலும் ஐதரசனாலும் ஈலியத்தாலும் ஆனவை எனக் கண்டார். அக்காலத்துப் பேரறிஞர் ஒருவர் இது இருக்க இயலாது என்றமையால், தம் முடிவைத் தாமே ஐயுறுவது போல் எழுத நேர்ந்தது அவருக்கு. சில ஆண்டுகளுக்குள் அதே பேரறிஞர் அம்முடிவை ஏற்றார். கொம்த் 'ஒருகாலும் இயலாது' என்று சொல்லி அப்போது நூறாண்டுகூட நிறையவில்லை.

இங்கே நம் மண்ணின் மைந்தர் ஒருவரை நினைத்தல் தகும். காரைதீவிலே 1892 ஆம் ஆண்டில் தோன்றிய சுவாமி விபுலாநந்தர், சாகாவுக்கு ஓராண்டு மூத்தவர். 'யாழ் நூல்' ஆசிரியராகவே அவரை அறிவோம். அவர் விஞ்ஞானம் கற்று விஞ்ஞானம் போதித்தவர் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். விஞ்ஞானத்தைத் தமிழிற் சொல்லக் கலைச்சொற்கள் வேண்டும் என்று உழைத்தவர்களுள் அவரும் ஒருவர். அயனாக்கத்தையும் நிறமாலையையும் பற்றி இன்று இவ்வானொலியில் தமிழிலே பேச முடிகின்றதெனின், அத்தகையோர் உழைப்பே காரணம்.

இனி, ரைஜலின் இயல்பை எண்களாற் பார்ப்போம். அதன் திணிவு ஞாயிற்றைப் போல் ஏறத்தாழ 20 மடங்கு. விட்டம் ஏறத்தாழ 75 மடங்கு. ஞாயிறு இருக்கும் இடத்தில் அதை வைத்தால், அதன் விளிம்பு புதன் கோளின் பாதையை நெருங்கும். அதன் ஒளி ஞாயிற்றினும் ஓரிலட்சம் மடங்குக்கும் மேற்பட்டது. 1989 ஆம் ஆண்டில் ஐரோப்பியர் ஏவிய இப்பார்க்கசு என்னும் செய்மதியின் அளவீட்டின்படி, அதன் தொலைவு ஏறத்தாழ 860 ஒளியாண்டு. இன்றிரவு நம் கண்ணில் விழும் ரைஜலின் ஒளி, பொலன்னறுவையில் முதலாம் பராக்கிரமபாகு அரசாண்ட காலமளவிலே அதனை விட்டுப் புறப்பட்டது.

இத்துணைச் செல்வம் படைத்த விண்மீன் நெடுங்காலம் வாழும் என எண்ணத் தோன்றும். அங்கேதான் வியப்பு உள்ளது. விண்மீனின் எரிபொருள் ஐதரசன். அது கருச்சேர்க்கையால் ஈலியமாகும்போது ஒளி பிறக்கின்றது. 1938, 1939 ஆம் ஆண்டுகளில் ஆன்சு பெத்தே முதலானோர் இதன் முறையை விளக்கினர். திணிவு மிகுந்தால் நடுப்பகுதியின் அமுக்கமும் சூடும் மிகுகின்றன. சூடு சிறிது மிகுந்தாலும் எரிதல் பன்மடங்கு விரைகின்றது. குத்துவிளக்கின் சிறு சுடர் ஒரு கிண்ணம் எண்ணெயில் விடியுமட்டும் எரியும். தீவட்டியோ குடம் குடமாக எண்ணெய் வார்த்தாலும் ஊர்வலம் முடியுமுன் அணையும். ஞாயிற்றின் ஆயுள் ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டு. அதில் 460 கோடி கழிந்துள்ளது. ரைஜலின் வயதோ ஏறத்தாழ 80 இலட்சம் ஆண்டே. அதற்குள் அது தன் நடுவிலிருந்த ஐதரசனைச் செலவிட்டு முதுமை எய்திவிட்டது. நமது மாவட்டத்துக் குடும்பிமலையின் பாறை, ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமை உடையது. நாம் நிலையானதெனப் போற்றும் விண்மீன், நம் ஊர்ப் பாறைக்கு முன்னே நேற்றுப் பிறந்த குழந்தை.

அத்தகைய விண்மீனின் முடிவு யாது? இதற்கு அடிப்படை அமைத்தவர் தமிழ்க் குடும்பத்திற் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930 ஆம் ஆண்டில், பத்தொன்பது வயதில், மேற்படிப்புக்காகக் கப்பலில் இங்கிலாந்து செல்லும்போதே ஒரு கணக்கை அவர் தொடங்கினார். எரிந்து முடிந்த விண்மீனின் எச்சம் ஞாயிற்றைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்குத் திணிவுக்கு மேற்படுமாயின், அது தன் பாரத்தைத் தானே தாங்க மாட்டாது என்பது அக்கணக்கின் முடிவு. 1935 ஆம் ஆண்டு சனவரியில், இலண்டன் அரச வானியற் சங்கத்தின் கூட்டத்தில், எடிங்டன் என்னும் பேரறிஞர் அதை நகைப்புக்கு இடமாக்கினார். இளைஞர் வாதாடி ஓயவில்லை. வேறு துறைகளில் உழைத்துக் காத்திருந்தார். 1983 ஆம் ஆண்டில் நோபெல் பரிசு அவரை வந்தடைந்தது.

அதன் பின் நான்கு ஆண்டுகளுக்குள் வானமே சாட்சி கூறியது. 1987 ஆம் ஆண்டு மாசி மாதம், பெப்ரவரி 23 ஆம் நாள், பெரிய மகெல்லன் மேகம் எனப்படும் அயல் மண்டலத்தில் ஒரு விண்மீன் வெடித்தது. தொலைவு ஏறத்தாழ 1,68,000 ஒளியாண்டு. வெடிப்பின் ஒளி தோன்றுவதற்குச் சில மணி நேரம் முன்னதாகவே, சப்பான், அமெரிக்கா, சோவியத்து நாடு ஆகிய மூன்று இடங்களில் நிலத்தடியில் அமைந்த கருவிகளிலே, நியூத்திரினோ என்னும் நுண்துகள்கள் இருபத்துநான்கு அளவில் பதிவாயின. விண்மீனின் நடு சரிந்து வீழ்ந்ததற்கு அதுவே நேரடிச் சான்று. நடுப்பகுதி தன் பாரத்தைத் தாங்காது சரியும் என்னும் கருத்து மெய்ப்பட்டது.

அறிஞரைத் திகைக்கவைத்த செய்தி வேறொன்று. சிவப்புப் பெருவிண்மீன்களே இவ்வாறு வெடிக்கும் என்று நூல்கள் சொல்லிவந்தன. பழைய ஒளிப்படங்களை எடுத்துப் பார்த்தபோது, வெடித்தது ரைஜலின் இனத்தைச் சேர்ந்த நீலப் பெருவிண்மீன் என்பது தெரிந்தது. சாண்டுலீக் என்பார் முன்னரே தம் பட்டியலில் அதற்கு ஓர் இலக்கம் இட்டிருந்தார். முன்பு சிவப்பாக இருந்து, துணை விண்மீன் ஒன்றோடு கலந்தமையால் நீலமாக மாறியிருக்கலாம் என்பது பலர் ஏற்கும் விளக்கம். எவ்வாறாயினும், நீலம் இளமையின் நிறம் மட்டுமன்று, இறுதியின் நிறமாகவும் இருக்கக்கூடும் என்பதை அன்று உலகம் கற்றது.

நேயர்களே, அவ்விண்மீன் வடநாடுகளுக்குத் தெரியவில்லை. தமிழ் நாட்டுக் காவலூர் வானாய்வு நிலையத்திலே அது தென் அடிவானத்துக்கு மேல் எட்டுப் பாகை அளவே எழுந்தது. அங்குள்ள அறிஞர் அதன் நிறமாலையைப் பதிவு செய்தனர். மட்டக்களப்பில் அது பதின்மூன்று பாகை உயரம் வரை எழுந்தது. மாசி, பங்குனி மாலைகளில், அடிவானம் தெளிவாயிருப்பின், களுவாஞ்சிகுடிப் பக்கமாக நோக்கும் கூரிய கண்ணுக்கு அது மங்கலான ஒரு புள்ளியாகத் தெரிந்திருக்கக் கூடும். தொலைநோக்கி கண்டுபிடிக்கப்படுமுன் 1604 ஆம் ஆண்டில் தோன்றியதற்குப் பின்னர், வெறுங் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த வெடிப்பு அது ஒன்றே.

நான் அதைக் காணவில்லை. அப்போது நான் பதின்பருவத்து மாணவன். போர்க்காலம், பொழுது சாய்ந்தால் வாவிக்கரை ஊர்களில் கதவுகள் அடைபடும், முற்றத்தில் நின்று வானத்தை அண்ணாந்து பார்க்கும் மனம் எவர்க்கும் இருக்கவில்லை. இரவென்றால் அச்சம் என்றே என் தலைமுறை கற்றது. நம் தெற்கு வானில் அத்தகைய ஒன்று நிகழ்ந்ததென்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு நூலிலே வாசித்தே அறிந்தேன். இழந்தவை பலவற்றுள் அது மிகச் சிறியது. எனினும் தைமாத வானத்தில் ரைஜலைக் காணும்போதெல்லாம் அந்நினைவு எழுகின்றது.

அவ்வெடிப்பு வீணாகவில்லை. விண்மீன் சிதறியபோது அதிலே பிறந்த நிக்கல், கோபாலுற்றாகி, பின் இரும்பாகியதை அறிஞர் அளந்தனர். அவ்வாறு பிறந்த இரும்பு ஏறத்தாழ 20,000 பூமிகளின் நிறைக்கு ஒப்பாகும். 2024 ஆம் ஆண்டில் யேம்சு வெப் தொலைநோக்கியின் துணையால், அதன் நடுவில் ஒரு நியூத்திரன் விண்மீன் எஞ்சியுள்ளதற்கான வலுவான சான்றும் வெளிவந்தது. நாம் மூச்சாக இழுக்கும் ஒட்சிசனில் மிகப் பெரும்பகுதி, ஞாயிறு பிறக்குமுன் இவ்வாறே வாழ்ந்து சிதறிய பெருவிண்மீன்களிடமிருந்து வந்தது. நீல விண்மீன் விரைந்து செலவழித்தாலும், செலவழித்தது பிறர்க்கு முதலாயிற்று.

இவ்வரலாற்றைத் திரும்பிப் பார்க்கின், ஒன்று புலப்படும். மோரியின் மெல்லிய வரி, பெய்னின் ஐதரசன், சந்திரசேகரின் எல்லை ஆகிய மூன்றும் முதலில் ஒதுக்கப்பட்டவை. ஒதுக்கினோர் அறிவிலிகளல்லர், தத்தம் கணக்கில் வராததை விட்டுவிட்டவர்கள், அவ்வளவே. வகுப்பறையின் பின்வரிசையில் இருந்து ஒரு பிள்ளை கேட்கும் கேள்வியும் பாடத்திட்டக் கணக்கில் வராததாகவே நமக்குத் தோன்றும். தலைமையாசிரியனாக அமர்ந்தபின், அத்தகைய கேள்வியைத் தள்ளிவிட எனக்குத் துணிவு வருவதில்லை.

இப்போது இரவுகளில் அச்சமில்லை. வாவியில் தோணி விளக்குகள் மீண்டும் மிதக்கின்றன. வானம் தெளிந்த தை, மாசி இரவொன்றில் உங்கள் பிள்ளைகளை முற்றத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். திருவாதிரையைக் காட்டுங்கள், அதன் தெற்கே நிற்கும் நீல விண்மீனையும் காட்டுங்கள். எது சூடு மிகுந்தது என்று கேளுங்கள். விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். சிறிது நேரம் அவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கட்டும்.